"எந்த சாஃப்ட்வேர் வாங்கலாமுங்க அக்கா?"

போன மாதம் இந்தப் பக்கத்தில், வீட்டிலிருந்தே ஆர்டர் ஃபாலோ-அப் பார்ப்பதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். ஆள் ஒரு பக்கம், ஆபீஸ் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. வேலை எங்கே நிற்கிறது என்று பார்க்க எந்த ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் வாங்குவது? நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. திருப்பூரில் 22 வருஷம் மெர்ச்சண்டைசர், அதாவது பையரின் (துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின்) ஆர்டரை முதலிலிருந்து சரக்கு போகும்வரை பின்தொடர்பவள். இப்போது அவிநாசிக்குப் பக்கத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து மூன்று கம்பெனிகளின் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த சாஃப்ட்வேர்களில் ஏழெட்டை முதலாளி காசிலும் சொந்தக் காசிலும் வாங்கிப் பட்டவள் என்ற தகுதி மட்டும் உண்டு.

எங்களுடையது பனியன் ஏற்றுமதி கம்பெனி. ஆபீஸில் 14 பேர். அதில் மூன்று மெர்ச்சண்டைசர்கள் கோவையிலும் ஈரோட்டிலும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். க்யூ.சி. (தரம் பார்க்கும்) ஆட்கள் எப்போதும் ரோட்டில். பையரின் ஏஜென்ட் ஜெர்மனியில். எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் ஓடுகிறது. மகன் ஜிரா வாங்கலாம் என்கிறான், மருமகள் ட்ரெல்லோ என்கிறாள், ஆடிட்டர் ஜோஹோ என்கிறார். எதுங்க நல்லது?
— பங்குதாரர் ஒருவர், திருப்பூர்

முதலில் வீட்டுச் சண்டையைத் தீர்த்துவிடுகிறேன். ஜிராவும் ட்ரெல்லோவும் ஒரே கம்பெனியின் பொருள். ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் 2002-ல் ஜிராவைக் கொண்டுவந்தது. வேறொருவர் 2011-ல் ஆரம்பித்த ட்ரெல்லோவை 2017-ல் விலைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டது. ஆக, மகனும் மருமகளும் ஒரே கடையைத்தான் காட்டுகிறார்கள்.

எதை வாங்குவது என்பதற்கு முன் என் கதை ஒன்றைக் கேளுங்கள்.

பத்து வருஷத்துக்கு முன்னால் இருக்கும். ஒரு நேவி ப்ளூ ஆர்டருக்கு ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப் அனுப்பியிருந்தோம். திருப்பூரை அறியாதவர்களுக்காக: மொத்தத் துணியையும் சாயத்தில் இறக்குவதற்கு முன், சின்னத் துண்டில் நிறம் பிடித்துக் காட்டி பையரிடம் சம்மதம் வாங்குவதுதான் லேப் டிப். இரவு 11 மணிக்கு 'பி ஓகே' என்று பதில் வந்தது. எங்கள் பையன் அதை அப்போதே குரூப்பில் போட்டுவிட்டான், அவன் மேல் தப்பில்லை. அதற்குக் கீழே ஒருவர் குழந்தையின் காதுகுத்துப் பத்திரிகையைப் போட்டார். வரிசையாக வாழ்த்துகள். விடிந்ததும் ரோஜாப்பூவும் குட் மார்னிங்கும். சாயப்பட்டறை ஃபாலோ-அப் பார்க்கிறவர் காலை ஆறரைக்குப் பல்லடம் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி, மேலே தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறார். முந்தின வாரம் யாரோ 'அநேகமா ஏ தான் வரும்' என்று போட்டிருந்தது கண்ணில் பட்டது. போய்ச் சொல்லிவிட்டார். 600 கிலோ துணி ஏ-யில் இறங்கிவிட்டது. ஏ-யில் லேசாகப் பச்சைச் சாயல், பி-யில் சிவப்புச் சாயல். நம் கண்ணுக்கு இரண்டும் நேவிதான், பையர் கண்ணுக்கு அப்படி இல்லை. துணியைத் திரும்பப் போட்டு, தேதி தள்ளி, கப்பலில் போக வேண்டிய சரக்கில் ஒரு பகுதி விமானத்தில் போனது. ஏர் ஃப்ரெயிட் எங்கள் தலையில்.

முதலாளிக்கு வந்த கோபத்தில் ஒரு பெரிய சாஃப்ட்வேரை வாங்கினார். பேர் வேண்டாம். ஒரு ஸ்டைலுக்கு (ஒரு உடுப்பு மாடலுக்கு) 43 கட்டம் நிரப்ப வேண்டும். மூன்றாவது வாரத்தில் அதில் எழுதிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். மற்றவர்கள் எனக்கு போன் பண்ணிச் சொல்வார்கள், நான் டைப் அடிப்பேன். முதலாளி ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "ஏனம்மிணி, சூப்பரா ஓடுது போல" என்பார்.

அதனால் எந்த சாஃப்ட்வேரை யார் காட்டினாலும், நான் முதலில் அந்த ஃபாலோ-அப்காரரைத்தான் நினைத்துக்கொள்வேன். ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் துணி கட்டிங். அவரால் முடிந்தது இரண்டு தொடுதல்: போனில் அந்த ஆர்டருக்கான கார்டைத் (அட்டையைத்) திறப்பது, போட்டோ எடுத்துப் போடுவது. அதற்குமேல் கேட்கிற சாஃப்ட்வேர் அவரிடம் செல்லாது. அவர் எழுதாவிட்டால், நீங்கள் ஏ.சி. அறையில் பார்க்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் யாரோ ஒருத்தி ராத்திரி எட்டு மணிக்கு யூகத்தில் போட்ட வர்ணம்.

சரி, மூன்றுக்கும் வருகிறேன். ஜிரா பிறந்தது புரோகிராம் எழுதுகிறவர்களுக்காக, பிழைகளைப் பதிந்து பின்தொடர. (பேரே காட்ஜில்லாவின் ஜப்பானியப் பெயரான கோஜிராவிலிருந்து வந்தது.) கோவை சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனியில் அது தினசரிச் சோறு. சாயப்பட்டறைக்கு வேண்டாம், உங்கள் மகன் ஐ.டி.யில் இருந்து வந்தவராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ட்ரெல்லோ கன்பான் பலகை. கன்பான் என்றால் ஜப்பானிய மொழியில் பெயர்ப்பலகை. டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வளர்த்த முறை அது: முந்தின மேசைக்கு அட்டை போனால்தான் அங்கே அடுத்த பாகம் செய்வார்கள். கம்ப்யூட்டரில் அது பத்தி பத்தியாக அட்டைகள் ஆகிவிட்டது. ஒரு ஸ்டைலுக்கு ஒரு அட்டை. நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்துவது), கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், பேக்கிங் என்று ஏழு பத்தி. அட்டையைக் கையால் நகர்த்தினால் போதும். படிக்காதவர்களும் ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். எந்தப் பத்தியில் அட்டை குவிகிறதோ அங்கேதான் நெரிசல் என்று தூரத்திலிருந்தே தெரியும்.

ஆனால் உங்கள் தொழிலுக்கு அதில் ஒரு குறை. நம்முடைய டி அண்ட் ஏ, அதாவது எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்கிற அட்டவணை, ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகிற சங்கதி. நூல் வந்தால்தான் நிட்டிங், நிட்டிங் முடிந்தால்தான் சாயம். நூல் நாலு நாள் தாமதமானால் கட்டிங் தேதி, இன்ஸ்பெக்‌ஷன் தேதி எல்லாம் தானாக நகர்ந்து, ஷிப்மென்ட் தப்புமா தப்பாதா என்று இன்றைக்கே காட்ட வேண்டும். அதற்கு கான்ட் சார்ட் வேண்டும், அதாவது ஒவ்வொரு வேலையையும் தேதிக்கு நேரே ஒரு கோடாகக் காட்டும் படம். நூறு வருஷத்துக்கு முன் ஹென்றி கான்ட் என்ற அமெரிக்க இன்ஜினியர் பரப்பிய முறை. ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ், மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட், ஆசனா, க்ளிக்கப் எல்லாவற்றிலும் ஒரு வேலையை இன்னொன்றோடு கட்டிவைக்க முடியும். எந்த விலைத் திட்டத்தில் அது வருகிறது என்று பார்த்து வாங்குங்கள், பல இடங்களில் இலவசத்தில் இருக்காது.

உங்களுக்கு என் ஓட்டு ஜோஹோ ப்ராஜெக்ட்ஸுக்கு. ஆடிட்டர் ஜி.எஸ்.டி. பில்லை நினைத்துச் சொல்லியிருப்பார். நான் சொல்வது அந்தக் கட்டிவைக்கும் வசதிக்காகவும், ஜெர்மனி ஏஜென்டை க்ளையன்ட் யூசராகச் சேர்த்து அவருக்கு வேண்டியதை மட்டும் காட்டலாம் என்பதற்காகவும். மெர்ச்சண்டைசர்கள் கான்ட்டைப் பார்க்கட்டும். ரோட்டில் இருப்பவர்களுக்குப் பலகைக் காட்சியை மட்டும் போனில் திறந்து கொடுங்கள், மீதி மெனு எதையும் காட்ட வேண்டாம்.

வாட்ஸ்அப்பை ஒழிக்கப் பார்க்காதீர்கள், முடியாது. பேச்சு அங்கேயே நடக்கட்டும். நிறம், அளவு, தேதி என்று எது முடிவானாலும் அது அட்டையில் ஏறினால்தான் செல்லும் என்று ஒரு சட்டம் போடுங்கள். எங்களிடம் இப்போது சாயப்பட்டறை ஆள் அட்டையில் ஓகே ஆன லேப் டிப்பின் போட்டோ இல்லாமல் லாட் இறக்கச் சொல்ல மாட்டார். "அக்கா, கார்டுல இல்லீங்க" என்று எனக்கே திருப்பிச் சொல்கிறார். நல்லதுதான்.

ஜெர்மனிக்கு இன்னொன்று. குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை. கெடுவில் நேரத்தையும் போட்டால், பல சாஃப்ட்வேர்கள் பார்ப்பவரின் ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். எங்கள் ஆபீஸில் ஒருவரின் லேப்டாப் வேறு நாட்டு நேரத்தில் இருந்து, வெள்ளிக்கிழமை கெடு சனிக்கிழமை என்று தெரிந்த கூத்தும் நடந்தது. ஒவ்வொருவர் கணக்கிலும் நேர மண்டலம் சரியாக இருக்கிறதா என்று முதல் நாளே நீங்களே பாருங்கள்.

வருஷச் சந்தா கட்டுவதற்கு முன், ஓடுகிற ஆர்டர் ஒன்றை மட்டும் எடுத்து மூன்று பேரோடு இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். அந்த மூன்று பேரில் ஒருவர் கண்டிப்பாக ரோட்டில் இருக்கிறவராக இருக்கட்டும். விற்பனைக்காரர் காட்டும் டெமோவில் எல்லா சாஃப்ட்வேரும் கல்யாணப் பெண் மாதிரிதான் இருக்கும்.

எனக்கு போர் போடும் ரிக் வண்டிகள் நாலு. இரண்டு சத்தீஸ்கரில், ஒன்று மத்தியப் பிரதேசத்தில், ஒன்று கர்நாடகாவில். மேனேஜர்கள் ராத்திரி போனில் கணக்குச் சொல்கிறார்கள். மாசக் கடைசியில் டீசலும் அடியும் ஒத்துப்போவதில்லை. ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் வாங்கினால் சரியாகுமுங்களா?
— போர்வெல் உரிமையாளர், திருச்செங்கோடு

ஆகாதுங்க. காசை மிச்சம் பண்ணுங்கள்.

எங்கள் வீட்டுக்காரரின் அண்ணனும் ரிக் வைத்திருந்தவர்தான். நகைக்கடை கொடுத்த டைரியில் பொழுதோட உட்கார்ந்து எழுதுவார்: எந்த பாயிண்ட், எத்தனை அடி, கேசிங் குழாய் எத்தனை அடி, டீசல் எத்தனை லிட்டர், பிட் (துளைக்கும் முனை) மாற்றினார்களா, பார்ட்டி கொடுத்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு. ஏழே பத்தி. உங்கள் வேலையில் ஒன்றுக்குப் பின் ஒன்று என்று மாதக்கணக்கில் நீள்கிற திட்டம் எதுவும் இல்லை. ஒவ்வொரு போரும் ஒன்று இரண்டு நாளில் முடிகிற தனி வேலை. உங்களுக்கு வேண்டியது தினக்கணக்கு.

அந்த டைரியை அப்படியே கூகுள் ஷீட்டில் போடுங்கள். அதன்மேல் ஆப்ஷீட் என்ற கூகுளின் கருவியை வைத்தால், மேனேஜரின் போனில் ஏழு கேள்வி மட்டும் கேட்கிற ஒரு சின்ன ஆப் ஆகிவிடும். கேள்விகளைத் தமிழிலேயே எழுதலாம். முக்கியமான விஷயம், சிக்னல் இல்லாத இடத்திலும் அதில் பதியும்படி அமைக்கலாம். வண்டி டவர் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் ஏறிவிடும். கூகுள் ஃபார்ம் இதற்கு ஆகாது, நெட் இல்லாமல் அது நகராது. ஊரில் காலேஜ் படிக்கிற பிள்ளை யாரிடமாவது கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் அமைத்துவிடும்.

மீட்டரையும் டீசல் பில்லையும் போட்டோ எடுத்துப் போடுவதை மட்டும் கட்டாயம் ஆக்குங்கள். மற்றபடி, டீசலும் அடியும் ஒத்துப்போகாததற்குக் காரணம் எழுதாமல் விட்டதுதானா, வேறேதாவதா என்பது உங்களுக்கே தெரியும். அதைக் கண்டுபிடிக்க சாஃப்ட்வேர் விற்பதில்லை.

வீட்டிலிருந்து கோவை கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். புதிதாக ஒரு சாஃப்ட்வேர் போட்டிருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறது. குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டப் போனால்கூட 'வேலையில் இல்லை' என்று காட்டுகிறது. இதுதான் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்டா?
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

இல்லை அம்மிணி. அது கண்காணிப்பு சாஃப்ட்வேர். ஹப்ஸ்டாஃப், டைம் டாக்டர் என்று அந்த வகையே தனியாக இருக்கிறது. மணிக்கணக்கில் க்ளையன்டிடம் பில் போடுகிற தொழிலில் அதற்கு ஒரு நியாயமும் உண்டு. நாற்காலியில் ஆள் இருக்கிறாளா என்று அது பார்க்கும். வேலை முடிந்ததா என்று அதற்குத் தெரியாது. உங்கள் முதலாளிக்கு இரண்டும் ஒன்று என்று யாரோ விற்றுவிட்டார்கள்.

சண்டை போடாமல் ஒன்று செய்து பாருங்கள். திங்கள் காலை, இந்த வாரம் முடித்துக் கொடுக்கப்போகும் ஐந்து வேலைகளைத் தேதியோடு எழுதி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அதே பட்டியலில் முடிந்ததற்கு டிக் போட்டு அனுப்புங்கள். ஒரு மாதம் விடாமல் செய்துவிட்டு, "ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பதிலா இதையே பார்த்துக்கலாங்களா, இல்லாட்டி மங்கலாக்கியாவது வைக்கலாங்களா" என்று கேளுங்கள். மங்கலாக்கும் வசதி அந்த சாஃப்ட்வேர்கள் சிலவற்றில் உண்டு, முதலாளிக்கே தெரிந்திருக்காது. அதுவரைக்கும் அந்த லேப்டாப்பில் பேங்க் கணக்கைத் திறக்காதீர்கள்.

ஆறு பேர் கொண்ட டிசைன் ஸ்டுடியோ. க்ளையன்ட்கள் அமெரிக்காவில். ஓர் அமெரிக்க சாஃப்ட்வேருக்கு மாசச் சந்தா கட்டுகிறோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பேங்க் கார்டு தோற்று, கணக்கு முடங்குகிறது. செலவும் ஏறிக்கொண்டே போகிறது. மாறலாமா?
— சரவணம்பட்டி

கார்டு தோற்பதற்குக் காரணம் சாஃப்ட்வேரில் இல்லாமல் இருக்கலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகக் கழியும் சந்தாவுக்கு முன்கூட்டியே அனுமதி பதிந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட சந்தாவில் ஒரு தடவைக்கு 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்கும். 2021 அக்டோபரில் இந்த விதி கெட்டியானபோது வெளிநாட்டுச் சந்தாக்கள் பலருக்கும் அறுந்தன. மாசமாசம் அவதிப்படுவதைவிட, வருஷத்துக்கு ஒரே தடவையாக நீங்களே உட்கார்ந்து கட்டுவது நிம்மதி. ரூபாயில் பில் போடுகிற கம்பெனிக்கு மாறுவது இன்னொரு வழி.

வெளிநாட்டிலிருந்து வாங்கும் சேவைக்கு ஜி.எஸ்.டி.யை ரிவர்ஸ் சார்ஜில் நீங்களே கட்டிவிட்டு அப்புறம் இன்புட் கிரெடிட்டாகத் திரும்ப எடுக்க வேண்டும், பதிவு பெற்ற கம்பெனியாக இருந்தால். 18 சதவீதம் கையிலிருந்து முதலில் போகும். இதை விலை ஒப்பிடும்போது பலரும் மறந்துவிடுகிறார்கள்.

செலவு ஏறுவதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று போடும் கணக்கு காரணமாக இருக்கும். இரண்டு வாரத்துக்கு வந்துபோகிற ஃப்ரீலான்சர்களையும் முழு ஆளாகச் சேர்த்திருப்பீர்கள். இந்த மாதப் பில்லை எடுத்து, பேர் பேராக வாசித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆபீஸில், வேலையை விட்டுப்போன இருவருக்கு எட்டு மாதம் சந்தா கட்டியிருந்தார்கள். விருந்தாளியாகச் சேர்ப்பவர்களுக்குக் காசு வாங்காத சாஃப்ட்வேர்கள் உண்டு. 2004-ல் வந்த பேஸ்கேம்ப் அப்படி. க்ளையன்டையும் உள்ளே அழைத்துப் பேசலாம், உங்கள் மாதிரி ஸ்டுடியோவுக்குப் பொருந்தும். ஆனால் பேஸ்கேம்ப்பில் வேலைகளை ஒன்றோடொன்று கட்டி கான்ட் போடுவதை எதிர்பார்க்காதீர்கள், அந்தக் குணமே அதற்கு இல்லை.

மாறுவதானால், மாறுவதற்கு முன் பழையதிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்து திறந்து பாருங்கள். பெரும்பாலும் எழுத்துகள் வரும், ஃபைல்கள் வராது, லிங்க் மட்டும் வரும். கணக்கை மூடினால் அந்த லிங்க்கும் போய்விடும். டிசைன் ஃபைல்களை முதலில் உங்கள் டிரைவில் இறக்கிக்கொண்டு அப்புறம் மூடுங்கள்.

எக்செல் போதாதா?
— கரூர்

மூன்று பேர், ஒரே அறை, பத்து ஆர்டர் என்றால் போதும். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் புதுசு' என்று ஃபைல்கள் முளைக்க ஆரம்பித்தால் போதாது.

எங்கள் கட்டிங் மாஸ்டருக்கு இங்கிலீஷ் வராது. இந்த சாஃப்ட்வேர்களில் தமிழில் எழுத முடியுமா?
— தாராபுரம்

தாராளமாக. பட்டன்கள் இங்கிலீஷில் இருக்கலாம், ஆனால் அட்டையில் தமிழில் எழுதினால் எல்லாவற்றிலும் ஏறும். இரண்டு எச்சரிக்கைகள். அட்டையின் தலைப்பில் ஸ்டைல் நம்பரைப் போடுங்கள்; 'லேப்டிப்', 'லேப் டிப்', 'லாப் டிப்' என்று மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால் தேடும்போது ஒன்றும் கிடைக்காது. அடுத்தது, அங்கிருந்து சி.எஸ்.வி. ஃபைலாக இறக்கி எக்செல்லில் நேரே திறந்தால் தமிழ் புரியாத கிறுக்கலாகத் தெரியலாம். பயப்படாதீர்கள், எழுத்து அழியவில்லை. டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து, யூ.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாக வந்துவிடும்.

டைப் அடிக்க வராவிட்டால் கீபோர்டில் மைக்கைத் தொட்டுப் பேசச் சொல்லுங்கள். எங்கள் மாஸ்டர் இப்போது அப்படித்தான். பேசி முடித்ததும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லிக்கொடுங்கள், அது மட்டும் முக்கியம். போன மாதம் அவர் "காலர் ரிப் வரலீங்க" என்று சொன்னது, அட்டையில் "காலரா வரலீங்க" என்று ஏறியிருந்தது. பையர் ஆபீஸில் தமிழ் தெரிந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் பார்ப்பதற்குள் திருத்திவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.